ஏற்றத்தில் மூச்சு முட்டும் பழைய லாரி: டீசல் டேங்குக்குக் காற்றுவழி பார்ப்பது எப்படி?

பாவூர்சத்திரத்திலோ சுரண்டையிலோ காய்கறி ஏற்றிக்கொண்டு புனலூர், கொல்லம் பக்கம் போகிற பழைய லாரிகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. செங்கோட்டை வரைக்கும் வண்டி ஒழுங்காக வரும். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏற ஆரம்பித்ததும் இழுவை குறையும். கியரை இறக்கினால் கொஞ்ச தூரம் போகும், அப்புறம் இருமி இருமி நின்றுவிடும். கிளீனர் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கல் வைப்பான். டிரைவர் பில்டரில் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப் அடித்து, டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) ஸ்டார்ட் பண்ணுவார். கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வருவதற்குள் மறுபடி நிற்கும். சபரிமலை சீசனில் இப்படி ஒரு வண்டி வளைவில் நின்றால் புளியரை செக்போஸ்ட் வரை வரிசை நீளும். பின்னால் நிற்கிறவர்களிடம் வாங்குகிற வசவு தனி.

பட்டறைக்குப் போனால் முதலில் இன்ஜினுக்கு டீசலைச் செலுத்துகிற பெரிய பம்பைச் சொல்வார்கள், அடுத்தது டீசலைத் தெளிக்கிற நாசில். அதுவும் இல்லையென்றால் டீசல் சரியில்லை என்பார்கள். தமிழ்நாட்டுப் பட்டறையில் கேரள டீசலைத் திட்டுவார்கள், ஆரியங்காவு தாண்டினால் அங்கே தமிழ்நாட்டு டீசலுக்குத் திட்டு. பம்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு அனுப்பினால் வண்டி நாள் கணக்கில் நிற்கும், செலவும் ஆயிரக்கணக்கில் போகும். இப்படி நிற்கிற வண்டிகளில் கணிசமானவற்றுக்குக் கோளாறு டேங்க் மூடியில்தான் இருக்கிறது. காசு செலவில்லாமல் கால் மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடிய அந்த இடத்தைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள்.

பழைய வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியவர்களுக்கும், இப்போதுதான் கிளீனர் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு மாறியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். டாடா 1210, 1613, 407, லேலண்ட் காமெட் மாதிரி, மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளுக்கு மட்டும் இது பொருந்தும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கிற காமன் ரயில் வந்த பிறகான வண்டிகளில், அதிலும் பிஎஸ்-6 வண்டிகளில், இதைப் படித்துவிட்டுக் கை வைக்க வேண்டாம். பெட்ரோல் வண்டிக்கு டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. அதில் குழாயைத் திறந்து விடுவது ஆபத்து.

டேங்குக்கு எதற்குக் காற்று?

எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொடகொடவென்று விட்டுவிட்டு வரும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் நூல் பிடித்தாற்போல் ஒழுகும். டீசல் டேங்கிலும் நடப்பது அதுதான். ஃபீட் பம்ப் இழுக்கிற டீசலில் ஒரு பகுதி ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்பி வந்துவிடும். இன்ஜின் எரித்துத் தீர்த்த ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்காக மூடியிலேயே ஒரு சிறு துளையோ, ஸ்பிரிங் வைத்த குட்டி வால்வோ இருக்கும். சில வண்டிகளில் டேங்கின் மேற்புறத்தில் நிப்பிள் வைத்துத் தனியாக ஒரு மூச்சுக்குழாய் போகும். பட்டறையில் பிரீதர் என்பார்கள்.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் டேங்கில் 190 லிட்டர் டீசல் இருக்கிறது, மேலே 10 லிட்டர் காற்று. வெளிக்காற்று துளியும் வராமல் 1 லிட்டர் டீசலை இழுத்தால், 10 லிட்டர் காற்று 11 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். உள்ளே அழுத்தம் 9 சதவீதம் விழுந்துவிடும். இதே டேங்க் பாதி காலியாக, 100 லிட்டர் காற்றோடு இருந்தால், 1 லிட்டர் இழுத்ததும் 1 சதவீதம்தான் விழும். அந்த 9 சதவீதத்தை எட்ட 10 லிட்டர் எரிய வேண்டும். டேங்க் தகடு கொஞ்சம் உள்வாங்கிக் கொடுக்கும், மூடியின் வாஷர் வழியாகக் கொஞ்சம் கசிந்து வரும், ஆகவே ரோட்டில் கணக்கு அச்சுப் பிசகாமல் வராது. ஆனால் போக்கு இதுதான். டேங்க் நிறைய இருக்கும்போதுதான் கோளாறு சீக்கிரம் வரும்.

டிரைவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். "டேங்க் புல்லா இருக்கு, டீசல் பிரச்சினையே கிடையாது" என்று அடித்துச் சொல்வார்கள். தென்காசியிலோ செங்கோட்டையிலோ கழுத்து வரை டீசல் போட்டு, லோடோடு நேரே ஏற்றத்துக்குப் போகிற வண்டிதான் நிற்கிறது. அதே வண்டி திரும்பி வரும்போது பாதி டேங்கோடு, காலி பாடியோடு சிரித்துக்கொண்டு வந்து சேரும். உடனே பழி லோடு மேல் விழும்.

இன்னொரு சமாதானம், மலை ஏறினால் காற்று கம்மி என்பது. 100 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே குறையும், அவ்வளவுதான். ஆரியங்காவுக் கணவாய் மூணாறு மாதிரியோ கொடைக்கானல் மாதிரியோ உயரமான இடம் இல்லை. அங்கே நிற்கிற வண்டி உயரத்தால் நிற்கவில்லை. ஏற்றத்தில் நிமிஷத்துக்கு எரிகிற டீசல் கூடுகிறது, அடைபட்ட டேங்க் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

பட்டறையையே ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. டேங்குக்குள் வெற்றிடம் ஏறஏற, ஃபீட் பம்புக்கு முந்திய பைப்பில் இருக்கிற தேய்ந்த காப்பர் வாஷர், தளர்ந்த நட்டு எல்லாம் வெளிக்காற்றை உள்ளே விடும். சாதாரண நாளில் அதே இணைப்பில் ஒரு சொட்டு டீசல்கூடக் கசியாது. ஏர் பிடிக்கிறதே என்று வாஷரை எல்லாம் மாற்றுவார்கள். இரண்டு நாளைக்குக் கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும். அடுத்த நடையில் பழைய கதை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டி நின்ற இடத்திலேயே முதல் சோதனை. ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, கல் வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும். பீடி, சிகரெட் யார் வாயிலும் இருக்கக் கூடாது. டேங்க் மூடி மேல் ஒரு துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை மெதுவாகத் திருப்புங்கள். வெயிலில் சூடேறின டேங்க் சில சமயம் வெளியே தள்ளும், டீசல் கண்ணில் தெறித்தால் பெரிய வம்பு. பிடி விட்டதும் 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். உள்ளே போகிற காற்றா, வெளியே வருகிற காற்றா என்று காதுக்குப் பிடிபடாது. மெல்லிய பாலித்தீன் கீற்று ஒன்றை மூடி ஓரமாகப் பிடித்தால் தெரிந்துவிடும். கீற்று மூடியோடு ஒட்டிக்கொண்டால் டேங்க் காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது என்று பொருள்.

செங்கோட்டையில் இருக்கிற பழைய மெக்கானிக் ஒருவருக்கும் ஏற்றத்தில் மாட்டிக்கொண்ட டிரைவர் பையனுக்கும் போனில் நடந்த பேச்சு இது:

"அண்ணாச்சி, வண்டி மறுபடி நின்னுட்டு. நேத்துதான் பில்டர் மாத்துனேன்."

"பில்டர் கெடக்கட்டும்லே. டேங்க் மூடியத் தெறந்தியா?"

"எதுக்கு? டீசல் நெறையக் கெடக்கே."

"ஏலே, தெறந்து பாத்துட்டுச் சொல்லு. பைய தெற, மூஞ்சிய உள்ள விட்டுட்டு நிக்காத."

கொஞ்ச நேரம் கழித்து: "அண்ணாச்சி, 'புஸ்'ஸுன்னு இழுக்கு!"

"அப்பம் பம்ப விட்டுரு. ஊருக்கு வந்ததும் முதல்ல மூடியக் கொண்டா."

இதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. டேங்குக்குள் இருக்கிற உறிஞ்சு குழாயின் வலையில் குப்பை அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் நிற்கும். நின்றதும் இழுப்பு இல்லாததால் குப்பை கீழே உதிரும், ஸ்டார்ட் ஆகும், பிறகு மறுபடி அடைக்கும். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. ஊரில் டேங்கை நிரப்பி, மூடியை நன்றாக இறுக்கிவிட்டு, தென்காசி வரைக்கும் ஒரு நடை போய்வந்து, நிறுத்தின கையோடு மூடியைத் திறந்து பாருங்கள். இழுப்புச் சத்தம் கேட்டால் காற்றுவழிதான் கோளாறு. சத்தமே இல்லாமல் திறந்தால் மூடி நல்ல மூடி, கோளாறு வேறு.

சிலர் மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு எஸ் வளைவில் ஏற்றிப் பார்க்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நிறைந்த டேங்க் வளைவில் சாய்ந்தால் டீசல் ரோட்டில் கொட்டும். பின்னால் வருகிற பைக்காரன் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் நம் தலையில்தான்.

மூடி நன்றாக இருந்தும் வண்டி நின்றால், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே ஹேண்ட் பம்பின் குமிழைக் கழற்றி மேலே இழுங்கள். இழுக்கவே கஷ்டமாக இருந்து, விட்டதும் தானாகக் கீழே போனால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கோ அடைப்பு. வலையையோ பைப்பையோ பார்க்க வேண்டும். லேசாக வந்தாலும் டீசல் தள்ளவில்லை என்றால் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது ஃபீட் பம்பின் வால்வு போயிருக்கிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

மூடியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள்

மூடியைக் கழற்றியதும் டேங்க் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். செம்மண் தூசி உள்ளே விழுந்தால் புது வேலை.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ குண்டூசித் தலை அளவுக்குத் துளை இருக்கும், அல்லது ஒரு வட்டத் தகடும் அதன் பின்னால் மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கும். துளை வெளியே எங்கே திறக்கிறது என்றும் தேடுங்கள். பெரும்பாலும் மேல்தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ரோட்டுத் தூசியும் டீசல் ஈரமும் சேர்ந்து களிம்பு மாதிரி அடைத்திருப்பது சாதாரணம். எம்-சாண்ட், ஜல்லி அடிக்கிற வண்டியில் அது காய்ந்து கல்லாகியிருக்கும். ரொம்ப நாள் சும்மா நின்ற வண்டி என்றால் குளவி மண் வைத்து அடைத்திருக்கும்.

இதெல்லாம் இயற்கையாக வருகிற அடைப்பு. நாமே உண்டாக்குகிற அடைப்புதான் அதிகம். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போகும் முன் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், சேஸிஸுக்கு அடிக்கிற கறுப்பை டேங்குக்கும் மூடிக்கும் சேர்த்து ஸ்பிரே அடித்துவிடுவார். பளபளவென்று இருக்கும், துளை போயே போய்விடும். எஃப்.சி. முடிந்து வந்த மறுவாரமே வண்டி ஏற்றத்தில் நிற்க ஆரம்பித்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். சாரல் காலத்தில் டேங்கில் தண்ணீர் இறங்காமல் இருக்க, மூடிக்கு அடியில் பாலித்தீன் பையை மடித்து வைத்து இறுக்குவது கிளீனர்களின் வழக்கம். நல்ல எண்ணம்தான், ஆனால் காற்றும் சேர்ந்து அடைபட்டுப் போகிறது. மூன்றாவது, பூட்டு மூடி. இரவில் ஓரம் கட்டின வண்டியில் டீசல் உருவுகிறார்கள் என்று சாவி வைத்த மூடி வாங்கி மாட்டுவார்கள். மலிவாகக் கிடைக்கிற சில பூட்டு மூடிகளில் காற்றுத் துளையே கிடையாது. பழைய மூடி எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று தேடி எடுத்து மாட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது.

சுத்தம் செய்யும் விதம்: மூடியை ஒரு கிண்ணத்து டீசலில் மூழ்கும்படி ஒரு மணி நேரம் போடுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேயுங்கள். மெல்லிய செம்புக் கம்பியைத் துளையில் விட்டு எடுங்கள். இரும்புக் கம்பி வால்வு உட்காருகிற இடத்தைக் கீறிவிடும், வேண்டாம். கடைசியில் காற்றடிக்கலாம், ஆனால் கம்ப்ரசர் வாயை ஒட்டவைத்து முழு வேகத்தில் அடித்தால் அந்தக் குட்டி ஸ்பிரிங் பறந்துவிடும். தள்ளிப் பிடித்து அடியுங்கள்.

திறந்ததா என்று பார்க்க வாயை வைத்து ஊதுகிற பழக்கம் பட்டறையில் உண்டு. டீசல் வாய்க்குள் போவது நல்லதில்லை. ஒரு அடி ஹோஸைத் துளை மேல் அழுத்திப் பிடித்து சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்தால் போதும். வெறும் துளை வைத்த மூடி என்றால் இரு பக்கமும் காற்று போகும். வால்வு வைத்த மூடி வெளியிலிருந்து உள்ளே லேசாக விடும், உள்ளிருந்து வெளியே கொஞ்சம் அழுத்தினால்தான் விடும். உள்ளே போகிற பக்கம்தான் நமக்கு முக்கியம். அந்தப் பக்கம் முரண்டு பிடித்தால் மூடியை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது பழைய மூடியைக் கையில் கொண்டுபோய், வாய் அளவு, காது அளவு, துளை மூன்றையும் கடையிலேயே ஒப்பிட்டு வாங்குங்கள். பொருந்தும் என்பதற்காக ரேடியேட்டர் மூடியை மாட்டிக்கொண்டு ஓடுகிற வண்டிகளும் இருக்கின்றன. அதன் வால்வு வேறு வேலைக்குச் செய்தது.

பூட்டு மூடியை விட மனசில்லை, துளை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மூடியை வண்டியிலிருந்து கழற்றி, தனியாக வைத்து, 2 மில்லிமீட்டர் துளை போட்டு, தூள் இல்லாமல் துடைத்து மாட்டினால் வேலை செய்யும். ஆனால் மழைத் தண்ணீர் அதே துளையில் இறங்கும், வளைவில் டீசலும் தெறிக்கும். ஊர் போய்ச் சேர அது போதும். நிரந்தரமாக வேண்டும் என்றால் மூச்சுக்குழாய் போடுங்கள்.

தனி மூச்சுக்குழாய் போடுவது

டேங்க் மேல் ஏற்கனவே நிப்பிள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் இருக்கும். குழாய் அறுந்துபோய், யாரோ அதில் ஒரு போல்ட்டைத் திணித்து வைத்திருப்பார்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இல்லையென்றால் டேங்கைத் துளைக்க வேண்டாம். டீசல் அளவு காட்டும் மிதவை மாட்டியிருக்கிற வட்டத் தகடு டேங்க் மேலேயே ஸ்குரு போட்டு இருக்கும். சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்த பிறகு பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மிதவை வயரையும் எடுத்துவிட்டு, தகடைத் தூக்குங்கள். மிதவைத் தண்டு வளையாமல் சாய்த்து எடுக்க வேண்டும். டேங்க் வாயை மூடுங்கள். தகடை மட்டும் கொண்டுபோய் மிதவையைப் பிரித்து வைத்துவிட்டு, வண்டிக்கு எட்டத்தில் உள்ள லேத்திலோ ரேடியேட்டர் கடையிலோ 8 மில்லிமீட்டர் பித்தளை நிப்பிள் ஒன்றைப் பற்றவைத்து வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது கார்க் வாஷர் புதிதாகப் போடுங்கள், பழையது ஒருமுறை கழற்றினால் உட்காராது.

ஹோஸ், டீசல் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் ஹோஸாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பிளாஸ்டிக் குழாயையும் லெவல் டியூப்பையும் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் முறுகி, ஒரே கோடையில் வெடிக்கும். இரு முனையிலும் கிளிப் போடுங்கள், கட்டுக்கம்பி வேண்டாம்.

குழாய் போகிற வழியில்தான் எல்லாமே இருக்கிறது. நிப்பிளிலிருந்து ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் தொய்ந்தால்கூட அந்தத் தொய்வில் தெறித்த டீசல் தங்கி, குழாயை அடைத்துவிடும். அப்புறம் மூடி அடைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கேபினின் பின்புறமாகவோ பாடியின் முன்பலகையை ஒட்டியோ ஏற்றி, டேங்க் வாயை விட நன்றாக உயரத்தில் கொண்டுபோய், அங்கே கைத்தடிப் பிடி மாதிரி வளைத்து வாயைக் கீழ்நோக்கி விடுங்கள். மழையும் இறங்காது, தூசியும் நேரே படாது.

வளைத்த முனையை அப்படியே சேஸிஸ் வரை தொங்க விடுகிறவர்கள் உண்டு, பார்க்க அழகாக இருக்கிறதாம். முனை டேங்கில் உள்ள டீசல் மட்டத்துக்குக் கீழே போனால், ஏதாவது ஒரு வளைவில் டீசல் குழாயில் ஏறி நிறைந்தவுடன், தானாக உறிஞ்சிக்கொண்டு வெளியே ஓட ஆரம்பிக்கும். நிப்பிளின் வாய் டீசலில் மூழ்கியிருக்கிற வரைக்கும் ரோடு குடித்துக்கொண்டே இருக்கும். முனை எப்போதும் டேங்கின் மேல்மட்டத்துக்கு உயரத்திலேயே நிற்கட்டும். சைலன்சரும் பேட்டரியும் இருக்கிற பக்கம் போகவே வேண்டாம்.

முனையில் என்ன மாட்டுவது? பைக்கில் வருகிற பெட்ரோல் பில்டரை மாட்டுவது இப்போது பழக்கமாகியிருக்கிறது. எனக்குப் பிடிக்காது. உள்ளே இருக்கிற காகிதம் டீசலிலோ சாரலிலோ நனைந்தால் காற்று விடாது, வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். மெல்லிய பித்தளை வலையை மடித்து முனையில் செருகிக் கிளிப் போட்டால் குளவியும் வராது, காற்றும் நிற்காது. வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்கிற குண்டு வால்வு கிடைத்தால், நிமிர்ந்த நிலையில் மாட்டுங்கள். படுக்கவைத்தால் அதன் குண்டே காற்றை அடைத்துவிடும்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. காலை வெயில் ஏறும் முன், வண்டி நிழலில் நிற்கும்போது, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, மூச்சுக்குழாய் முனையில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு சாண் செருகுங்கள். சோப்புத் தண்ணீரை விரலில் தொட்டு டியூப்பின் வாயில் ஒரு படலம் போடுங்கள். ஐடிலில் மணிக்கு ஒன்றரை லிட்டர் எரிகிற இன்ஜின் என்றால், நிமிஷத்துக்கு 25 மில்லிலிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். 8 மில்லிமீட்டர் குழாயில் அது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகம். வானவில் நிறம் மின்னும் அந்தப் படலம் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டே போவதைப் பார்க்கலாம். நகராமல் நின்றாலோ வெடித்தபின் புதுப்படலமும் அங்கேயே நின்றாலோ குழாயில் எங்கோ அடைப்பு, அல்லது மூடி வழியாகவே காற்று போய்விடுகிறது. வெயிலில் டேங்க் சூடேறும்போது இந்தச் சோதனை செய்தால் படலம் வெளியே தள்ளப்படும், குழம்பிப் போவீர்கள்.

பற்றவைப்பு விஷயம்

உள்ளே ஒட்டிப்போன டேங்கோடு சிலர் வருவார்கள். 60-க்கு 60 சென்டிமீட்டர் பக்கத்தகட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம் அளவு அழுத்த வித்தியாசம் வந்தாலே 180 கிலோ அழுத்துகிறது. தகடு உள்வாங்கும், உள்ளே தடுப்புத் தகடு ஒட்டியிருக்கிற இடத்தில் வெடிப்பு விடும், மிதவை முட்டிக்கொண்டு மீட்டர் தப்பாகக் காட்டும். "காலி டேங்குதானே, லேசாக ஒரு ஒட்டு வையுங்க" என்று வெல்டிங் கடைக்குப் போவார்கள். போகாதீர்கள்.

டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்ற தைரியம் இங்கே உதவாது. பொறி பட்டதும் டீசலின் ஆவி பற்றிக்கொள்கிற வெப்பநிலைக்கு (ஃபிளாஷ் பாயின்ட்) நம் நாட்டில் விதித்திருக்கிற குறைந்தபட்ச அளவு 35 டிகிரி. தென்காசிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நிற்கிற டேங்க் அதைச் சாதாரணமாகத் தாண்டும். நிறைந்த டேங்கை விட, அடியில் கொஞ்சம் டீசலும் மேலே முழுக்க ஆவியும் காற்றும் கலந்து நிற்கிற 'காலி' டேங்க்தான் வெடிக்கும். டேங்கை இறக்கி, வடித்து, கொதிநீராவி விட்டுக் கழுவி, தண்ணீர் நிரப்பி வேலை செய்யத் தெரிந்த டேங்க் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை அவர்களுடையது. வண்டியில் இருக்கும்போதே டேங்கில் டிரில் வைப்பதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான்.

சாரல் மாதங்களில்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன், நமக்கு டேங்கில் தண்ணீர். பகலில் சூடேறிய டேங்க் இரவு குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஈரம் தகட்டில் படிந்து சொட்டி அடியில் தங்கும். இதற்கு மருந்து மூச்சை அடைப்பது அல்ல. இரவு நிறுத்தும்போது டேங்கில் டீசலைக் கூடுதலாக வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும், ஈரமும் குறையும். வாரம் ஒருமுறை பில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

கூடுதலாக என்றால் கழுத்து வரை அல்ல. டீசல் ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு சுமார் 0.8 மில்லிலிட்டர் விரியும். 200 லிட்டர் 15 டிகிரி சூடேறினால் 2.4 லிட்டர் கூடுகிறது. விடியற்காலையில் நிறைக்க நிறைக்கப் போட்டுவிட்டு மதியம் புனலூரில் வெயிலில் நிறுத்தினால் அது மூச்சுக்குழாய் வழியாகத்தான் வெளியே வரும். நாலு விரல் இடம் விடுங்கள்.

பங்கில் டீசல் போடும்போது குபுக் குபுக்கென்று திருப்பித் துப்புகிறதா? அது வேறு அடைப்பு. டேங்கின் மேல்முனையிலிருந்து வாய்க்கழுத்துக்கு வருகிற சிறு குழாயைப் பாருங்கள். அதில் மண் இருந்தால் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது, நிரப்பும்போது மட்டும் தகராறு பண்ணும்.

இரண்டு டேங்க் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகக் காற்றுவழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் பைப் போட்டு இணைத்த டேங்குகளில் ஒன்றின் மூடி அடைத்திருந்தால், ஒன்றில் டீசல் இறங்கும், மற்றது அப்படியே நிற்கும். மீட்டர் நிற்கிற டேங்கில் இருந்தால் முள் பாதியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி டீசல் இல்லாமல் நிற்கும். அளவுகோலை இரண்டிலும் விட்டுப் பாருங்கள். மட்டம் கையகலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், அதிகமாக டீசல் நிற்கிற டேங்கின் மூடியை முதலில் கழற்றுங்கள்.